விரல் சாக்ஸ் வாங்கும் முன்: மலைக்கு நடந்து பணிக்குப் போவோருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி மாவட்டத்தின் மலையூர்களுக்கு நடந்தே பணிக்குப் போகும் தேர்தல் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், வனக் காவலர்கள் ஆகிய தோழர்களுக்கும் தோழியர்களுக்கும்,



பல தேர்தல்களில் நம் மாவட்டத்திலிருந்து ஒரு படம் செய்திக்குப் போயிருக்கிறது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் படம் அது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போதும் வந்தது. கழுதையைப் பார்த்து நாடே வியந்தது. கழுதைக்குப் பின்னால் பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கல்லிலும் சரளையிலும் ஏறியவர்களின் கால்களை யாரும் படம் எடுக்கவில்லை. தேர்தல் ஐந்தாண்டுக்குச் சில முறைதான். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறும் செவிலியருக்கும், காட்டுக்குள் ரோந்து போகும் வனக் காவலருக்கும் மாதம் முழுவதும் அதே நடைதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு வீடாகப் போகும் திட்டம். சாலை நின்றுவிடும் இடத்துக்கு அப்பால் வீடு இருந்தால், அங்கே திட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தன்னார்வலரின் இரண்டு கால்கள்தான்.

அந்தக் கால்களைப் பற்றியது இந்த மடல். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த சாக்ஸ் ஒன்று இப்போது கைபேசி விளம்பரங்களில் சுற்றி வருகிறது. மாட்டிக்கொண்டால் கொப்புளமே வராது என்று விற்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி என்று மொத்தமாக வாங்கினால் விலை குறையுமே என்று நம்மவர்கள் வசூல் நோட்டைத் திறப்பதற்குள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஆசிரியராக இருந்து, தேர்தல் பணிக்கு மலை ஏறி இறங்கி, இப்போது ஓய்வில் இருப்பவன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். விரல் சாக்ஸ் நல்ல பொருள். விரலுக்கும் விரலுக்கும் நடக்கும் சண்டையை அது தீர்க்கும். குதிகாலில் கடிக்கும் ஷூவையோ, அடிப்பாகம் தேய்ந்த செருப்பையோ அது திருத்தாது. உங்கள் கால் எந்த இடத்தில் கடிபடுகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கொப்புளம் எப்படி வருகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். தோலின் மேல் துணி தேய்வதுதான் காரணம் என்று நினைக்கிறோம். அது பாதிதான் சரி. ஒவ்வோர் அடிக்கும் உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. மேல்தோல் வியர்வையில் நனைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. நடுவில் இருக்கும் தோல் அடுக்கு இரண்டு பக்கமும் இழுபட்டு, ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு உள்ளுக்குள்ளேயே கிழிகிறது. அந்தக் கிழிசலில் நீர் கோத்தால் கொப்புளம். தோல் ஈரமாக இருந்தால் பிடிப்பு கூடும், இழுவையும் கூடும். ஆகவே ஈரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது அந்த நகர்வு தோலுக்குள் நடக்காமல் துணிக்கும் துணிக்கும் நடுவே நடக்கும்படி செய்ய வேண்டும். விரல் சாக்ஸ் விரலிடுக்கில் இந்த இரண்டையும் செய்கிறது. தோலும் தோலும் ஒட்டி வியர்க்கும் இடத்தில் இரண்டு மடிப்புத் துணி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்த முறை மலையிலிருந்து இறங்கி வந்ததும் காலைக் கழுவி, வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். சுண்டு விரலின் உள்பக்கம், நான்காம் விரலோடு உரசும் இடத்தில் சிவந்திருக்கிறதா? ஒரு விரலின் நகம் பக்கத்து விரலைக் கீறியிருக்கிறதா? விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் கால் உங்களுடையதா? அப்படியானால் விரல் சாக்ஸ் உங்களுக்கானதுதான். குதிகாலின் பின்புறம் உரிந்திருந்தால் ஷூ தளர்வாக இருக்கிறது என்று பொருள். கயிற்றைக் கணுக்கால் அருகே இறுக்கிக் கட்டிப் பாருங்கள். பெருவிரல் நகம் கறுத்திருந்தால் இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கிறது. அதற்கு ஒரு சைஸ் பெரிய ஷூவும் நேராக வெட்டிய நகமும்தான் மருந்து. உள்ளங்காலில் கால் ஆணி இருந்தால் எந்த சாக்ஸும் உதவாது, மருத்துவரைப் பாருங்கள்.

இந்த சாக்ஸ் ஏன் விலை கூடுதல் என்று கேட்பீர்கள். சாதாரண சாக்ஸை வட்ட எந்திரத்தில் குழாய்போலப் பின்னி, நுனியை மூடித் தைத்துவிடுகிறார்கள். விரல் நுனியில் தடிப்பாக நெருடுகிறதே, அது அந்தத் தையல்தான். விரல் சாக்ஸைக் கையுறை பின்னும் தட்டை எந்திரத்தில் ஒவ்வொரு விரலாகப் பின்னியெடுக்க வேண்டும். கையுறை எந்திரத்தில் தொடங்கி உலகப் பெயர் வாங்கிய ஜப்பானின் ஷிமா செய்கி போன்ற நிறுவனங்களின் துறை இது. நேரம் அதிகம் பிடிப்பதால் விலையும் அதிகம். மலையேறுவோரிடமும் ஓட்டக்காரர்களிடமும் இதைப் பரப்பியதில் அமெரிக்காவின் இஞ்சின்ஜி நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. அது 1999இல் தொடங்கியது. அதன் சாக்ஸ் நம் சம்பளத்துக்குக் கடுமையான விலை. நம் நாட்டில் கிடைப்பவற்றிலும் நல்லவை உண்டு. வாங்கியதும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, விரலிடுக்குகளில் ஆள்காட்டி விரலை ஓட்டிப் பாருங்கள். முடிச்சோ நூல்பிசிறோ தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையில் சிறிதாகத் தெரியும் முடிச்சு மலையில் ரத்தம் பார்க்கும்.

தோழியர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்களில் பலர் ஷூ போடுவதில்லை, புடவைக்குச் செருப்புதான். செருப்புக்கென்று கட்டைவிரலை மட்டும் பிரித்த சாக்ஸ் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் வெயிலுக்குப் போட்டுக்கொள்வார்களே, அதுதான். செருப்பின் வார் கட்டைவிரல் இடுக்கில்தான் அறுக்கும் என்றால் இது போதும், ஐந்து விரலும் பிரிந்த சாக்ஸுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் வெயிலுக்கு என்று விற்கும் மெல்லிய, வழுவழுப்பான ரகம் மலைக்கு ஆகாது. செருப்புக்குள் கால் வழுக்கி, இறக்கத்தில் விழ வைக்கும். அடியில் ரப்பர்ப் புள்ளிகள் வைத்த, சற்றுத் தடித்த ரகத்தைக் கேளுங்கள். செருப்பும் பின்னால் வார் வைத்ததாக இருக்கட்டும். ஹவாய் செருப்பில் சாக்ஸ் போட்டுச் சரளையில் இறங்காதீர்கள்.

அடுத்தது மெட்டி. கழற்றிவிட்டுப் போங்கள் என்று சொல்வது எளிது, சொல்கிறவர் காலில் மெட்டி இருக்காது. மெட்டி போட்ட விரலோடு சாதாரண சாக்ஸும் ஷூவும் போட்டால், வெள்ளி வளையம் இரண்டு பக்கத்து விரலையும் அரைக்கும். விரல் சாக்ஸில் மெட்டியும் அந்த விரலோடு தனி உறைக்குள் போய்விடுவதால் பக்கத்து விரல்கள் தப்பிக்கும். ஆனால் வெயிலில் நடக்கும்போது கால் வீங்கும். உறை இறுக்கமாக இருந்தால் மெட்டி அந்த விரலையே அழுத்தும். எனவே முத்தும் பூவும் வைத்த மெட்டிக்குப் பதில் அன்றைக்கு மட்டும் மெல்லிய கம்பி மெட்டி போட்டுக்கொள்ளுங்கள். வாய் திறந்த வளையமாக இருந்தால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். மெட்டியைச் சுற்றி ஒரு சுற்று மைக்ரோபோர் என்ற காகித டேப் ஒட்டிவிட்டால் துணியும் மாட்டிக்கொள்ளாது. பித்தவெடிப்பு உள்ளவர்கள் முதல் நாள் இரவே குதிகாலைத் தேய்த்துக் கழுவிக் களிம்பு போட்டுவிடுங்கள். இல்லையென்றால் வெடிப்பு நூலைப் பிடித்து இழுத்துப் புது சாக்ஸைப் பாழாக்கும்.

இனி நூல் விஷயம். பருத்திதான் உடம்புக்கு நல்லது என்பது நம் மண்ணில் வேர் பிடித்த நம்பிக்கை. சட்டைக்கு அது சரி, மலை சாக்ஸுக்குச் சரியில்லை. 100 கிராம் உலர்ந்த பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நைலான் 4 கிராம் அளவுக்கு இழுக்கும், பாலியெஸ்டர் அரை கிராம் கூட இழுக்காது. வியர்வையில் நனைந்த பருத்தி சப்பென்று படிந்து, மடிந்து, நெடுநேரம் காயாமல் காலோடு ஒட்டிக்கிடக்கும். மேலே சொன்ன இழுவைக்கு அதைவிட வசதி வேறில்லை. மெரினோ கம்பளி பருத்தியைவிடவும் அதிகமாக, 16 கிராம் வரை ஈரத்தை வாங்கும். ஆனால் ஈரத்தை இழைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சுருள்தன்மையை இழக்காமல் நிற்கும். நாற்றமும் குறைவு. நம்மூர் மேச்சேரி ஆடு கம்பளி தராத முடி ஆடு என்பதால் மெரினோ வெளியிலிருந்துதான் வர வேண்டும், விலையும் அப்படித்தான் இருக்கும். கம்பளி என்றதும் வெக்கை என்று பயப்பட வேண்டாம், மெல்லியதாகப் பின்னிய மெரினோ சித்திரை வெயிலிலும் தாங்கும். பணம் இடிக்கிறது என்றால் நைலானும் பாலியெஸ்டரும் கலந்து, நீட்சிக்குக் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் சேர்த்த ரகமே போதும். உறையில் ‘காட்டன்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் அளவாவது இருக்கட்டும். நம் காடுகள் பெரும்பாலும் இலையுதிர் காடுகள், ஓரமெல்லாம் முள். சூரை முள்ளும் ஒட்டுப்புல்லும் வெறும் கணுக்காலைத்தான் தேடும். குட்டை சாக்ஸுக்குள் சரளைக்கல் நுழைந்தால் அதை எடுக்கவே பத்து இடத்தில் உட்கார வேண்டிவரும்.

சைஸ்தான் இந்த மடலின் முக்கியமான இடம். ‘ஃப்ரீ சைஸ்’ என்று போட்ட விரல் சாக்ஸை வாங்கவே வாங்காதீர்கள். சாதாரண சாக்ஸில் நீளம் ஒன்று சரியாக இருந்தால் போதும். இதில் நீளத்தோடு ஐந்து விரலின் ஆழமும் பொருந்த வேண்டும். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் வேளையில், காகிதத்தின்மேல் நின்று இரண்டு காலையும் வரைந்துகொள்ளுங்கள். பெரிய காலின் அளவுக்கு வாங்குங்கள். பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமான கால்கள் நம்மில் நிறைய. அப்படிப்பட்ட காலுக்கு இரண்டாம் விரல் உறையைப் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உறை குட்டையாக இருந்தால் நகத்தைப் பின்னுக்குத் தள்ளும், நீளமாக இருந்தால் நுனியில் துணி மடிந்து புதுக் கொப்புளத்தை வரவழைக்கும். இரண்டு விரல் ஒட்டிப் பிறந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

அதோடு இன்னொன்று. ஒவ்வொரு விரலிடுக்கிலும் இரண்டு மடிப்புத் துணி நுழைந்தால் முன்பாதம் அகலமாகிவிடும். முன்பக்கம் கூராகக் குறுகும் ஷூவில் அந்த அகலத்துக்கு இடம் கிடையாது. விரல்கள் நெருக்குண்டு, முன்னைவிட மோசமாகும். ஷூ வாங்கப் போகும்போது இந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். ஷூவுக்குள் ஐந்து விரலையும் விரிக்க முடிய வேண்டும், முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். பழைய ஷூவையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், அது முன்பக்கம் குறுகலானது என்றால், சாதாரண நைலான் சாக்ஸ்தான் உங்களுக்கு நல்லது.

போடுவதற்குக் கொஞ்சம் பழக வேண்டும். விரல்களை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். சாக்ஸைச் சுருட்டிப் பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக உட்கார வைத்து, கடைசியில் குதிகாலை இழுங்கள். அவசரமாகக் குதிகாலை முதலில் இழுத்தால் சுண்டு விரல் உறைக்கு வெளியே நிற்கும். புது சாக்ஸை முதன்முதலில் மலையில் மாட்டாதீர்கள். வீட்டில் ஒரு மாலை, பிறகு ஊர் ஏரிக்கரையில் ஒரு நடை, அதன்பிறகுதான் மலை. முதல் அரை மணி நேரம் விரலிடுக்கில் ஏதோ இருப்பதுபோல் எல்லாருக்கும் தோன்றும். அதன்பிறகும் அந்த நினைப்பு போகவில்லை என்றால் உங்கள் காலுக்கு அது ஒத்துவரவில்லை. வற்புறுத்தாதீர்கள்.

தேர்தல் பணியாளர்கள் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ள வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் வெயிலில் ஏறுகிறீர்கள், மறுநாள் வாக்குப்பதிவு முடிந்து பெட்டியோடு இருட்டில் இறங்குகிறீர்கள். ஏறிய சாக்ஸிலேயே இரண்டு நாளும் இருக்கக்கூடாது. மேலே போனதும் கழற்றி அலசிக் காயப்போடுங்கள், இறங்கும்போது உலர்ந்த ஜோடியைப் போடுங்கள். விரல்கள் அதிகம் அடிபடுவது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்தான். துவைக்கும்போது உள்பக்கத்தைத் திருப்பி, விரல்களை வெளியே இழுத்துவிட்டுத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். துணிக்கு மணமூட்டும் கண்டிஷனர் வேண்டாம், அது இழையின்மேல் படிந்து ஈரத்தை வெளியேற விடாது.

சேற்றுப்புண் உள்ளவர்களுக்கு விரல் சாக்ஸ் உதவும், ஆனால் குணப்படுத்தாது. அது பெரும்பாலும் சுண்டு விரல் இடுக்கில் தொடங்கும் பூஞ்சை. இடுக்கை உலர்வாக வைத்தால் பரவுவது குறையும். மருந்துக்கு மெடிக்கல் ஷாப்பில் ‘ஒரு ட்யூப் கொடுங்க’ என்று கேட்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு கையில் வந்து சேரும். அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளே தழைக்கும். இந்த வகைக் களிம்புகளால் படை முற்றுவதைப் பற்றித் தோல் மருத்துவர்கள் நாடு முழுக்கக் கவலைப்படுகிறார்கள். மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், உங்கள் சாக்ஸை யாரோடும் பகிராதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் விரல் உறை இறுக்குவதோ முடிச்சு அரைப்பதோ உங்களுக்குத் தெரியாது. மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்க வேண்டாம். எந்த சாக்ஸ் போட்டாலும் வெள்ளை அல்லது வெளிர் நிறமாகப் போடுங்கள், ரத்தக்கறை பட்டால் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் நுண்துளை ரப்பராலான எம்.சி.ஆர் செருப்பு, மலைக்குப் போய் வந்த இரவு பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, இரண்டையும் விடாதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, ‘நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு மாற்று. மைக்ரோபோர் டேப், எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் காகித டேப். 2014இல் பாலைவனங்களில் நடந்த 250 கிலோமீட்டர் பந்தயங்களில் 128 ஓட்டக்காரர்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். ஓடுவதற்கு முன்பே தோலில் இந்த டேப்பை ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. 2016இல் ஆய்வு வெளியானது. வழக்கமாகக் கடிபடும் விரலில், நடக்கத் தொடங்கும் முன், உலர்ந்த தோலில், சுருக்கமில்லாமல் ஒரு சுற்று. தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர்கள் அதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பாதத்தில் டேப் நிற்காது, மண்தான் நிற்கும்.

ஆகவே வசூல் நோட்டை மூடி வையுங்கள். ஒரே சைஸில் மொத்தமாக வாங்கினால் பாதிப் பேருக்கு அது அலமாரியில்தான் கிடக்கும். குழுவில் விரலிடுக்குத் தொல்லை உள்ள இரண்டு பேர் முதலில் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கி, ஒரு மலை போய்வந்து சொல்லட்டும். பிறகு அவரவர் காலை அளந்து அவரவர் வாங்கட்டும். நம் சங்கங்கள் இன்னொன்றும் செய்யலாம். சாலை இல்லாத வாக்குச்சாவடிகளுக்குப் போகும் குழுவுக்கு மெழுகுவத்தி, அரக்கு, நூல் என்று பட்டியல் போட்டுப் பொருள் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஆளுக்கு ஒரு மைக்ரோபோர் டேப்பும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸும் சேர வேண்டும் என்று கேளுங்கள். மலையேறிப் போய் வேலை செய்யச் சொல்கிறவர்களிடம் இதைக் கேட்பது சலுகை அல்ல. அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக வையுங்கள்.

தோழமையுடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்
தருமபுரி